வென்றோர் ஏட்டில் தோற்றோர் சட்டம்

கருத்துப் போர் ஒன்று முடிவுற்றபின், தோற்றவருடைய கருத்துக்கு யார் பொறுப்பு என்பது எளிதில் விடை காண முடியாத வினாவாகும். தோற்றவர் உயிரோடு உள்ளவரை தம் கொள்கையைத் தாமே எடுத்துரைப்பர். அவரும் மறைந்து, அவருடைய நூல்களும் மறைந்து, அவரை மறுத்தவருடைய நூல் மாத்திரம் எஞ்சும்போதே சிக்கல் எழுகின்றது. மறுத்தவரே அப்பொழுது சாட்சியுமாகிவிடுகின்றார். பிறர் கொள்கையைப் பரபக்கமாகக் கூறிய பின்னரே தம் கொள்கையைச் சுபக்கமாக நிறுவுதல் தமிழ்த் தருக்க நூலோர் கண்ட முறை. ஆயின் பரபக்கம் கூறுவோன் அதனை உள்ளவாறே கூறினான் என்பதற்கு உறுதி யாது? ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மறுதரப்பாரின் மூலநூல் பெரும்பாலும் கிடைப்பதில்லை. யூதருடைய பழைய சட்ட இலக்கியத்திலோ, ஏறக்குறைய ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகள் கழிந்தபின் அத்தகைய ஒப்பீட்டுக்கு வாய்ப்புக் கிட்டிற்று. அவ்வொப்பீடு காட்டும் உண்மை, வென்றோரை முற்றாகப் புகழ்வதற்கும் இடந்தரவில்லை; முற்றாக இகழ்வதற்கும் இடந்தரவில்லை.

கி.பி. முதலாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியராகிய ஜோசீபஸ், யூதரிடையே பரிசேயர், சதுசேயர், எசேனியர் என்னும் பிரிவினர் இருந்தமையைக் குறிப்பிடுகின்றார். மோசேயின் சட்டநூலில் எழுதப்படாத முன்னோர் மரபுகளும் கட்டுப்படுத்தும் என்பது பரிசேயர் கொள்கை. எழுதப்பட்டதே சட்டம் என்றனர் சதுசேயர். கி.பி. 70 இல் உரோமர் எருசலேம் தேவாலயத்தை அழித்தனர். அதற்கு இரண்டாண்டு முன்னர்ச் சாக்கடற் கரையிலுள்ள கும்றான் குடியிருப்பும் அழிவுற்றது. குருகுலத்தாரின் செல்வாக்குக்கு நிலைக்களனாயிருந்த ஆலயம் போனபின் சதுசேயரும் மெல்ல மறைந்தனர். யாப்னே என்னும் ஊரிற் கூடிய றபிமார் பெரும்பாலும் பரிசேயர் வழிநின்றோர். அவர்கள் பேணிய வாய்மொழிச் சட்டங்களை ஏறக்குறைய கி.பி. 200 இல் யூதா என்னும் தலைவர் மிஷ்னா என்ற நூலாகத் தொகுத்தார். அதற்குத் துணைநூல் போல அமைந்தது தொசெப்தா. பின்னர் எருசலேம் தல்மூத், பாபிலோனியத் தல்மூத் என்னும் இரு பெருநூல்கள் அவற்றை விரித்துரைத்தன. சதுசேயர் எழுதிய நூலென உறுதியாகச் சொல்லத்தக்க ஒன்றேனும் நம் காலத்தை வந்தடையவில்லை.

மிஷ்னாவிலே சதுசேயர் சட்டம் எனத் தனி அதிகாரம் கிடையாது. ஓரிடத்தில் ஒரு வாக்குவாதம், வேறோரிடத்தில் ஒரு சடங்குக்குக் கூறப்படும் காரணம், மற்றோரிடத்தில் ஒரு தலைமைக்குருவைப் பற்றிய கதை என அதன் சுவடுகள் சிதறிக் கிடக்கின்றன. இச்சுவடுகளை ஒன்றுசேர்த்து, றபிமார் சட்டத்துக்கு முன்னர்க் கடுமைமிக்க பழஞ்சட்டமொன்று வழங்கிற்று என 1857 இல் வாதித்தவர் ஜேர்மானிய அறிஞர் ஆபிரகாம் கைகர். அக்காலத்தில் அதனைச் சோதித்தறிய வழியிருக்கவில்லை. 1896 இல் கெய்ரோ சென்ற சொலமன் ஷெக்டர், அங்குள்ள பழைய தொழுகைக்கூடம் ஒன்றின் ஏட்டறையிலிருந்து பெற்ற ஏடுகளிடையே அறியப்படாத ஒரு பிரிவினரின் சட்டநூலைக் கண்டு 1910 இல் வெளியிட்டார். இன்று தமஸ்கு நூல் என வழங்குவது அதுவே. அந்நூலின் சட்டங்கள் பெரிதும் பரிசேயர் சார்பினவே என லூயி கின்ஸ்பேர்க் கருதினார். ஒரே ஏடு ஒருவர்க்குப் பிரிவினர் நூலாகவும் மற்றவர்க்குப் பரிசேயர் நூலாகவும் தோன்றியதிலிருந்தே, இவ்விரு தரப்பாரும் எத்துணை நெருங்கிய உறவினர் என்பது புலனாகும். 1947 இலிருந்து கும்றான் குகைகளில் சுருளேடுகள் வெளிப்பட்டபோது தமஸ்கு நூலின் சிதைவுகளும் அவற்றிடையே காணப்பட்டன. ஆலயச் சுருள் என்பதை 1977 இல் இகாயேல் யாதீன் பதிப்பித்தார். நான்காம் குகையில் ஆறு சிதைந்த படிகளாகக் கிடைத்த வேறொரு நூல் 1984 இல் அறிஞருக்கு அறிவிக்கப்பெற்று, 1994 இல் எலிசா கிம்றோன், ஜோன் ஸ்ட்றக்னெல் ஆகியோரால் முழுமையாகப் பதிப்பிக்கப்பெற்றது. ‘தோராவின் செயல்கள் சில’ எனப் பொருள்படும் எபிரேயப் பெயரால் வழங்கும் அந்நூலே இங்கு முதன்மையாக வேண்டப்படுவது. அது ஒரு மடல் போன்றது. நாங்கள் இவ்வாறு கருதுகின்றோம் என ஒவ்வொரு சட்டமாக எடுத்துரைத்து, எதிர்த்தரப்பாரை நேரில் விளித்துப் பேசுவது.

ஓர் எடுத்துக்காட்டு. தூய்மையான பாத்திரம் ஒன்றிலிருந்து துடக்குப்பட்ட பாத்திரம் ஒன்றினுள் நீர் வார்க்கப்படுகின்றது. வார்க்கும் கணத்தில் இரண்டுக்குமிடையே நீர் அறுபடாத தாரையாக நிற்கின்றது. கீழ்ப்பாத்திரத்தின் துடக்கு அத்தாரை வழியே மேலேறி மேற்பாத்திரத்தையும் பற்றுமா? மிஷ்னாவின் ‘கைகள்’ என்னும் பகுதியில் சதுசேயர் பரிசேயர்மீது குறைகூறுகின்றனர்; அறுபடாத தாரையைத் தூயதெனப் பரிசேயர் தீர்ப்பது தகாது என்கின்றனர். பரிசேயரோ, இடுகாட்டினூடாக ஓடிவரும் நீரோடையைத் தூயதென நீங்களே ஒப்புக்கொள்கின்றீர்களே எனத் திருப்பிக் கேட்கின்றனர். அத்துடன் அவ்வழக்கு முடிகின்றது. பல நூற்றாண்டுகளாக இதனைப் பயின்றோருக்குச் சதுசேயர் உண்மையில் அவ்வாறு கூறினரா, அல்லது எளிதில் மடக்குவதற்காகப் படைக்கப்பட்ட பொம்மை வாதியா அவர் என்பதை அறிய வழியிருக்கவில்லை. கும்றான் மடல் வெளிவந்தபோது அதிலே இதே தாரை காணப்பட்டது. தாரைகள் தூயனவல்ல என்பதே அம்மடலாரின் தீர்ப்பு. நீர்த் தாரைகளைப் பற்றிய இவ்வழக்கை இன்று வாசிப்போர் நகைக்கவுங்கூடும். ஆயினும் தொடுதல் என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது, தொடர்புடைய இரு பொருள்கள் இரண்டா ஒன்றா என்னும் வினா நகைப்புக்குரியதன்று.

இங்கு இரு செய்திகள் நோக்கற்பாலன. முதலாவது, மறுத்தவர் மறுக்கப்பட்டவரின் முடிவைத் திரிக்கவில்லை. கும்றான் சமூகத்தாரைச் சதுசேயர் எனக் கூறலாமா என்பது வேறு கேள்வி. அவரை எசேனியராகக் கொள்வோரே பலர். வானதூதரைப் பற்றி ஏடுகள் நிறைய எழுதிய அச்சமூகத்தார், கோட்பாட்டிலே சதுசேயரோடு பொருந்துபவரல்லர். ஆயின் சட்டத்தைப் பொறுத்தவரை அவர்கள் கைக்கொண்டது றபிமார் நூல்கள் சதுசேயர்க்குரியதாகக் கூறும் மரபோடு பல இடங்களில் ஒத்துள்ளமையை யாக்கோவ் சுஸ்மன் 1989 இல் எடுத்துக்காட்டினார். லோறன்ஸ் ஷிப்மன் போன்றோர் அச்சமூகத்தின் தோற்றமே சதுசேயர் வழிப்பட்டது என்ற அளவுக்குச் சென்றனர். பெயரில் மயக்கம் இருப்பினும் கருத்து உள்ளவாறே பேணப்பட்டுள்ளது.

இரண்டாவது செய்தி அத்துணை இனிமையானதன்று. கும்றான் மடல் தன் தீர்ப்புக்குக் காரணமும் கூறுகின்றது: வார்க்கப்படும் நீரும் அதை ஏற்கும் பாத்திரத்து நீரும் ஒரே நீர் என்பது அக்காரணம். இதிலே ஒரு தருக்கம் உண்டு. இயற்பொருளை நோக்கி எழுந்த ஒரு பார்வை உண்டு. மிஷ்னாவின் சதுசேயருக்கோ முடிவு மாத்திரமே தரப்பட்டுள்ளது, காரணம் தரப்படவில்லை. குறைகூறுவோர் என்ற வடிவிலே அவர்கள் மேடையேற்றப்பட்டு, ஒரு வசனத்தைச் சொல்லி இறங்கிவிடுகின்றனர். ஒருவனுடைய முடிவைப் பிழையின்றிப் பதிவு செய்து அவன் அம்முடிவை எய்திய வழியை விட்டுவிடுவது நேர்மையா? பொய் சொல்லாமலே ஒருவனை அறிவிலியாகக் காட்டுதல் இயலும் என்பதை இவ்விடம் உணர்த்துகின்றது. அவர்களுள் ஒருவரது பெயரேனும் சட்டக் கருத்தொன்றின் ஆசிரியராக மிஷ்னாவில் குறிக்கப்படவில்லை என்பதும் கருதத்தக்கது. றபிமாருள் மிகச் சிறியவருக்கும் பெயருண்டு. சதுசேயர் எப்பொழுதும் சதுசேயரே.

அதே பகுதியிலுள்ள மற்றொரு வாக்குவாதம் இதனினும் நயமுடையது. திருநூல்கள் கைகளைத் துடக்காக்கும், ஓமரின் நூல்கள் ஆக்கா என்பது பரிசேயர் விதி. இதனைச் சதுசேயர் எள்ளுகின்றனர். யோகனான் பென் சக்காய் முதலில் அவர் பக்கம் சேர்பவர் போன்று, பரிசேயர்மீது கூறத்தக்க குறை இது ஒன்றுதானா எனத் தொடங்கி, கழுதையின் எலும்பு தூயது, தலைமைக்குரு யோகனானின் எலும்பு துடக்கு என்றும் அவர்கள் கூறுகின்றார்களே என்கின்றார். மக்கள் தம் தாய் தந்தையரின் எலும்பிற் கரண்டி செய்யாதிருக்கும் பொருட்டு, அருமைக்கேற்ப அவற்றுக்குத் துடக்கு விதிக்கப்பட்டது எனச் சதுசேயரே விடையிறுக்கின்றனர். திருநூல்களும் அவ்வாறே அருமையால் துடக்காக்குவன என முடிக்கிறார் யோகனான். விடை அழகானது. ஆயினும் கழுதையின் எலும்பு தூயதென்பது இருதரப்பாரும் உடன்பட்ட ஒன்றன்று. துடக்கான விலங்குகளின் தோலும் எலும்பும் துடக்கே என்பது ஆலயச் சுருளும் கும்றான் மடலும் வற்புறுத்தும் சட்டம். எனவே யோகனானின் ஏளனத்தினுள்ளே உண்மையான ஒரு பிணக்கு புதைந்து கிடந்தது. சுருளேடுகள் கிடைக்கும்வரை வாசிப்போர் அதனை வெறும் சொற்சாதுரியமாகவே கண்டிருப்பர்.

வாக்குவாதத்திலிருந்து செயலுக்கு வந்தால் நிலைமை கடுமையாகின்றது. பிணத்தாலுண்டாகும் துடக்கை நீக்குவதற்குச் செந்நிறக் கிடாரி ஒன்றை எரித்து அதன் சாம்பரை நீரிற் கலந்து தெளிக்கவேண்டும் என்பது மோசேயின் சட்டம். அச்சடங்கைச் செய்வோர் நீராடினால் மாத்திரம் போதாது, சூரியன் மறையும்வரை காத்திருக்கவும் வேண்டும் என்பது சதுசேயர் கொள்கை. கும்றான் மடலும் அதனையே கூறுகின்றது. நீராடியதே போதும் என்றனர் பரிசேயர். இதுவரை கருத்து வேறுபாடுதான். ஆனால் மிஷ்னா கூறுவதன்படி, சதுசேயர் கருத்துக்கு இடமின்றிச் செய்யும் பொருட்டுக் கிடாரியை எரிக்கும் குருவை வேண்டுமென்றே துடக்காக்கி, ஒலிவ மலையில் உடனே நீராடச் செய்து, சூரியன் மறையுமுன்னரே சடங்கைச் செய்வித்தனர். மூப்பர்கள் அவர்மேல் கை வைத்து, தலைமைக்குருவே ஒருமுறை நீராடுக எனப் பணிவோடு வேண்டினர். பணிவான சொற்கள், ஆயின் ஒருவர் தூய்மையெனக் கருதுவதை அவரைக்கொண்டே பலரறிய மீறச் செய்தல் அச்செயலின் உட்பொருள். தொசெப்தா கூறும் கதையொன்றில், சூரியன் மறையக் காத்திருந்து சடங்குக்கு வந்த சதுசேயத் தலைமைக்குருவின் காதை யோகனான் பென் சக்காய் ஊறுபடுத்தினார். உடலூனமுற்றவர் குருப்பணிக்குத் தகுதியற்றவர் என்பது விதியாதலின் அவரது பதவியும் அத்துடன் போயிற்று. மேலே எலும்பைப் பற்றி அத்துணை நயமாக உரையாடியவரும் இவரே.

முதற்கதிர் அறுவடையைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. பாஸ்காவின் முதல் நாள் முடிந்த இரவிலேயே கதிர் அறுக்கப்படல் வேண்டும் என்பது பரிசேயர் முடிவு. வாரத்தின் ஓய்வுநாளுக்கு மறுநாள் என்றனர் பொயேத்தூசியர் என்னும் பிரிவினர். கும்றானின் 364 நாட் பஞ்சாங்கத்திலும் அது ஞாயிற்றுக்கிழமையே. மிஷ்னா வருணிக்கும் சடங்கிலே அறுப்பவன், சூரியன் மறைந்ததா, இது அரிவாளா, அறுக்கட்டுமா என மும்மூன்று முறை உரக்கக் கேட்க, கூடியிருந்தோர் ஆமெனக் கூவுகின்றனர். இவ்வளவு ஆரவாரமும் பொயேத்தூசியரை முன்னிட்டே என மிஷ்னா ஒளிக்காமற் கூறிவிடுகின்றது. எதிராளி இல்லையேல் இக்கேள்விகளுக்குப் பொருளே இல்லை.

பரிகார நாளைப் பற்றிய செய்தியே இவற்றுள் மனத்தை மிகவும் தொடுவது. அன்று தலைமைக்குரு தனியே திருத்தலத்தின் உள்ளறைக்குச் சென்று தூபமிடுதல் வேண்டும். வெளியே தூபமிட்டுப் புகையோடு உள்ளே செல்லவேண்டும் என்றனர் சதுசேயர். உள்ளே சென்ற பின்னரே இடவேண்டும் என்றனர் பரிசேயர். உள்ளே நடப்பதை வேறொருவரும் காணவியலாது. ஆதலின் மூப்பர்கள் முன்னரே அவரிடம் ஆணை பெறுகின்றனர், தாம் கற்பித்ததில் ஒன்றையும் மாற்றலாகாது என. ஆணையிட்டபின் அவர் ஒருபுறம் திரும்பி அழுகின்றார். அவர்களும் ஒருபுறம் திரும்பி அழுகின்றனர் என்கிறது மிஷ்னா. தம்மைச் சதுசேயரென ஐயுற்றமையால் அவர் அழுதார், குற்றமற்றவராய் இருக்கக்கூடிய ஒருவரை ஐயுற நேர்ந்தமையால் இவர்கள் அழுதனர் எனத் தல்மூத் விளக்குகின்றது. ஒற்றுமையைக் காப்பதற்கு ஐயம் தேவைப்படுகின்றது. ஐயுறுவோர் தாம் இழைப்பது இன்னதென அறிந்தே இழைக்கின்றனர். சட்டநூல் ஒன்று இவ்வழுகையைச் சடங்கின் ஓர் அங்கம்போல எழுதிவைத்தது வியப்புக்குரியதே. அழுகை ஐயத்தை நியாயமாக்கிவிடாது. ஆனால் அழாமல் ஆணைபெற்றோரும் இவர்களும் ஒரு நிலையினர் என்றும் கூறவியலாது.

தல்மூத் இதனோடு ஒரு கதையையும் சேர்க்கின்றது. சதுசேயத் தலைமைக்குரு ஒருவர் வெளியே தூபமிட்டு உள்ளே சென்றார். வெளிவந்தபோது தந்தை அவரைக் கடிந்துகொண்டு, நாம் சதுசேயராயினும் பரிசேயருக்கு அஞ்சி நடப்பவரல்லவா என்றார். அத்திருவசனத்தை நினைந்து வாழ்நாளெல்லாம் வருந்தினேன், நிறைவேற்றும் வாய்ப்பு எப்போது வருமென ஏங்கினேன், வந்தபின் விடலாமா என்பது மகனின் விடை. சில நாட்களில் அவர் இழிந்த முறையில் இறந்தார் எனக் கதை முடிகின்றது. தண்டனையை எழுதிய அதே கை, தண்டிக்கப்பட்டவனின் உள்ளத்தில் பேராசையையோ செருக்கையோ வைக்கவில்லை; இறைசட்டத்தின்மீது கொண்ட ஏக்கத்தை வைத்தது. நீர்த்தாரை வழக்கில் மறுக்கப்பட்ட காரணம் இங்கே வேறு வடிவில் திரும்பக் கிடைத்துள்ளது எனலாம்.

தோற்ற கருத்தை ஏன் எழுதிவைக்க வேண்டும் என மிஷ்னாவே ஓரிடத்தில் கேட்கின்றது. பெரும்பான்மையோர் முடிவே சட்டமாயிருக்கத் தனியொருவர் கருத்து எதற்கு? பிற்காலத்து மன்றம் ஒன்று அதனைச் சரியெனக் கண்டால் அதன்மேற் சார்ந்து தீர்ப்பளிக்கலாம் என்பது முதல் விடை. றபி யூதாவின் விடை நேரெதிரானது: பின்னர் ஒருவன் வந்து இவ்வாறே நான் கேட்டறிந்தேன் என்றால், நீ கேட்டது தள்ளப்பட்ட இன்னார் கருத்தே என அவனை வாயடைக்கலாம். ஒரே பதிவு, ஒருவருக்கு அது விதைநெல், மற்றவருக்குக் கல்லறைக் கல். இவ்விரு விடைகளும் உள்வட்டத்தாரின் கருத்துக்கே உரியன. ஷம்மாயின் குழுவினர் பல இடங்களில் சட்டத்தைக் கடுமையாக நோக்கியவர், தோற்றவரும் அவரே. ஆயினும் திருமண விலக்குப் பற்றியே இரு குழுவினரும் முரண்பட்டபோதும் ஒருவர் மற்றவர் குடும்பத்திற் பெண்கொள்ளத் தயங்கவில்லை என மிஷ்னா கூறுகின்றது. ஹில்லேல் குழுவினர் எதிராளியின் சொல்லைத் தம் சொல்லுக்கு முன்னே வைத்தமையால் அவர்க்கே தீர்ப்பு அருளப்பட்டது எனத் தல்மூத் போற்றுகின்றது. ‘கைகள்’ பகுதியிலும் சதுசேயரே முதலிற் பேசுகின்றனர் என்பதைக் குறிப்பிடலாம். ஆனால் அவர்களோடு பெண்கொண்டதாக எங்கும் புகழப்படவில்லை.

மறுதரப்பை மாத்திரம் குறைகூறுதல் முறையன்று. கும்றான் சமூகத்தார் எதிராளிகளுக்குச் செய்தது யாது? மடலிலே அவர்கள் மரியாதையோடு எழுதினர். உமக்கும் உம் மக்களுக்கும் நன்மையாகும் என்று கூறினர். அதே மடலில்தான் தாம் மக்கட் பெருந்தொகையிலிருந்து பிரிந்துவிட்டதாகவும் கூறினர். அவர்களது சமூக விதிநூலோ, தீயோரோடு வழக்காடாது சட்டத்தின் உட்கருத்தை அவர்களிடமிருந்து மறைக்குமாறு பணிக்கின்றது. தம் எதிராளிகளை மென்மையானவற்றைத் தேடுவோர் என ஏசினர். வென்றிருந்தால் அவர்கள் பரிசேயரின் சட்டத்தை ஒரு வரியேனும் பேணியிருப்பரா என்பது ஐயமே.

அபக்கூக்கு இறைவாக்கினர் நூலுக்கு அவர்கள் எழுதிய உரையிலே, தீய குரு ஒருவர் தங்கள் ஆசிரியரை அவர் ஓய்ந்திருந்த பரிகார நாளன்றே தேடிவந்து துன்புறுத்தினார் என்ற செய்தி உண்டு. இருவரும் வெவ்வேறு பஞ்சாங்கத்தைக் கைக்கொண்டிருந்தமையால் ஒருவரது பரிகார நாள் மற்றவருக்குச் சாதாரண நாளாயிருந்தது என ஆய்வாளர் ஊகிப்பர். மிஷ்னாவிலும் இதுபோன்ற நாள் ஒன்று வருகின்றது. பிறை கண்டோமென்ற சாட்சியைக் கமாலியேல் ஏற்றார். அது பொய்யென றபி யோசுவா உணர்ந்தார். யோசுவாவின் கணக்குப்படி பரிகார நாளாகும் தினத்திலே, கைத்தடியும் பணமுமாகத் தம்மிடம் வருமாறு கமாலியேல் கட்டளையிட்டார். யோசுவா துயருற்றார். ஒருமன்றத்தின் தீர்ப்பை ஐயுறத் தொடங்கினால் மோசே முதலாக எல்லா மன்றங்களையும் ஐயுற நேரும் என்றார் தோசா. முதலிற் சாட்சியைப் பொய்யென்றவரும் அவரே. யோசுவா தடியும் பணமும் ஏந்திச் சென்றார். கமாலியேல் எழுந்து அவரைத் தலையில் முத்தமிட்டு, அறிவிலே தம் ஆசிரியர் என்றும், சொல்லை ஏற்றமையால் தம் மாணாக்கர் என்றும் வரவேற்றார். முத்தம் உண்மையானதே. ஆயினும் நாளைக் குறித்து யோசுவா கொண்ட கணக்கு பிழையென எவரும் நிறுவவில்லை, நிறுவத் தேவையுமிருக்கவில்லை. கும்றான் ஆசிரியர் தம் நாளைக் கைவிடாது பிரிந்திருந்தார். யோசுவா கைவிட்டு உள்ளே இருந்தார். முன்னவர் பெயரைக்கூட இன்று எவரும் அறியார். பின்னவருடைய துயரம் அவரை வென்றவருடைய பேரன் தொகுத்த நூலிலே அவர் பெயரோடு நிற்கின்றது.

கி.பி. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் றபிமாரின் வாய்மொழி மரபை ஏற்காத கராயர் என்னும் யூதர் எழுந்தனர். ஓய்வுநாளுக்கு மறுநாளாகிய ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே அவர்கள் ஐம்பது நாளைக் கணக்கிட்டனர். இன்றும் அவ்வாறே கணக்கிடுகின்றனர். அப்பழங்கருத்தைக் காண அவர்கள் கும்றான் குகைகளைத் தோண்ட வேண்டியிருக்கவில்லை. அறுப்பவன் அரிவாளை ஏந்தி உரக்கக் கேட்கும் அந்தப் பக்கத்திலேயே, யாரை மறுப்பதற்காகக் கேட்கிறான் என்பதும் எழுதப்பட்டிருந்தது.